கட்டடத்தின் உள்ளே பகல்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியை முன்வைத்து ஒரு திறனாய்வு

புதிய ஆலயம் கட்ட முற்படும் சபைக் குழுவினர், எத்தனை பேர் அமரலாம், கோபுரம் எத்தனை அடி உயரலாம், செலவு எத்தனை இலட்சம் ஆகலாம் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதிலேயே பல மாதங்களைச் செலவிடுகின்றனர். காலை ஆராதனை நடக்கும் வேளையில் சூரியன் எத்திசையில் நிற்கும், கடைசி வரிசையில் அமரும் முதியவர் மின்விளக்கின்றித் தம் வேதாகமத்தை வாசிக்க இயலுமா என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. நம் இறையியற் கல்லூரிகளிலும் ஆலயக் கட்டடக்கலை என்றதும் கோதிக் முதலிய பாணிகளைப் பற்றியும், பிரசங்க பீடம், திருவிருந்து மேசை ஆகியவற்றின் இடத்தைப் பற்றியும் பேசுகிறோம். பகலொளியைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்வது அரிது.

அதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகத் திருவள்ளூர் மாவட்டம் அமைந்துள்ளது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினின்று 1997இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், திருவாலங்காடு வடாரண்யேசுவரர் கோயிலும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலும் போன்ற பழங்கோயில்கள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டை எழுப்பி வாணிகம் நடத்திய பழவேற்காடு உள்ளது. வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றிய இக்காடும் அதைச் சுற்றிய சிற்றூர்களும் உள்ளன. வடகோடியில், 1971இல் தோற்றுவிக்கப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகமாகிய கும்மிடிப்பூண்டி உள்ளது. கருவறை முதல் இரும்புத் தகட்டுக் கொட்டகை வரை, கட்டடத்தினுள் பகலை அனுமதிக்கும் முறைகள் பலவற்றையும் ஒரே மாவட்டத்தில் ஒப்பிட்டுக் காணலாம்.

இவ்வொப்பீட்டில் 'பழையது நன்று, புதியது தீது' என்னும் எளிய தீர்ப்புக்கு இடமில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நலம். ஒரு கட்டடத்தினுள் வரும் ஒளி, யாருடைய கண்களுக்காக, அவர்கள் செய்யும் எந்த வேலைக்காக அளக்கப்பட்டது என்பதே நாம் கைக்கொள்ளும் அளவுகோல். இக்கோலால் அளக்கும்போது, பழங்கட்டடங்களில் சில குறையுள்ளனவாகவும், தொழிற்கூடங்களில் சில நிறைவுள்ளனவாகவும் தோன்றும். இன்றைய ஆலயங்களில் பல எந்நிலையில் நிற்கின்றன என்பதே நம்மை வருத்தும் கேள்வி.

1. வானம் தருவதும் கட்டடம் பெறுவதும்

ஒளியை 'லக்ஸ்' என்னும் அலகால் அளக்கின்றனர். நம் நாட்டின் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வரை செல்லும். நூல் வாசிக்க 300 லக்ஸ் இருந்தால் போதுமானது. ஆகவே நம் தலைக்கு மேல் உள்ளது பஞ்சமன்று, பெருவெள்ளம். அதில் மிகச் சிறிய பங்கை, வெப்பமும் கண்கூச்சமும் இன்றி உள்ளே கொண்டுவருவதே கட்டுபவரின் கலை. இந்தியத் தரநிலை, நேர் வெயிலை நீக்கி, சூரியன் 15 பாகை உயரத்தில் நிற்கும்போதுள்ள தெளிந்த வானத்தின் ஒளியை 8,000 லக்ஸ் என்று கொண்டு கணக்கிடுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே வந்தால் 80 லக்ஸ். நூற்றில் நான்கு பங்கு வந்தால் வாசிப்புக்கு வேண்டிய ஒளி கிடைத்துவிடும்.

இரண்டாவது, சூரியனின் பாதை. கும்மிடிப்பூண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13.4 பாகையில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகற் சூரியன் உச்சியிலிருந்து 37 பாகை தெற்கே சாய்கிறது. ஜூன் இறுதியிலோ 10 பாகை வடக்கே நிற்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்தே விழுகிறது. இருப்பினும் வடக்கு, தெற்குச் சுவர்களில் படும் வெயில் பெரும்பாலும் உயரத்திலிருந்து வருவதால், சிறியதொரு தாழ்வாரமோ சன்னலுக்கு மேல் நீட்டிய பலகையோ அதைத் தடுத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்ந்து, கண்ணுக்கு நேரே வருகிறது. அதைத் தடுப்பது கடினம்.

மூன்றாவது, ஒளி உட்செல்லும் ஆழம். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்குத் தொலைவு வரையில்தான் பயனுள்ள பகலொளி உள்ளே செல்லும் என்பது கட்டடக்கலைஞர் கைக்கொள்ளும் பொது விதி. 7 அடிச் சன்னல் 15 அடி அல்லது சற்றுக் கூடுதலான தொலைவுக்கு ஒளி தரும். 14 அடிச் சன்னல் 30 அடிக்கு மேலும் தரும். நம் முன்னோர் ஆலயங்களின் சன்னல்களை ஏன் அத்துணை உயர்த்தினர் என்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று.

2. கருவறையும் தாழ்வாரமும்

தமிழகத்துக் கற்கோயிலினுள் செல்பவர் வெயிலினின்று படிப்படியாக இருளுக்குள் செல்கிறார். திறந்த பிராகாரம், தூண்கள் நிறைந்த மண்டபம், அர்த்த மண்டபம், சாளரமற்ற கருவறை என ஒவ்வொரு படியிலும் ஒளி குறைகிறது. முடிவில் எண்ணெய் விளக்கும் கற்பூரச் சுடருமே எஞ்சுகின்றன. கல் உத்தரத்தால் பெரிய இடைவெளியைத் தாங்க இயலாது என்பதால் தூண்கள் நெருங்கி நிற்கின்றன, திறப்புகளும் சிறுக்கின்றன. ஆயினும் கட்டுமானத்தின் எல்லையை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அங்கே நிகழ வேண்டிய வேலை தரிசனம். சுடரொளியில் ஒரு கணம் காண்பதற்கு அவ்விருள் தேவைப்படுகிறது. அந்நோக்கத்திற்கு அவ்வொளி சரியாகவே அளக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் கிறிஸ்தவ வாசகர் அவசரப்பட்டு, இருள் பிறருடையது, ஒளி நம்முடையது என்று கூறிவிடலாகாது. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் உட்பகுதிக்குச் சாளரம் கூறப்படவில்லை. ஆண்டவர் காரிருளில் வாசம்பண்ணுவதைக் குறித்து அவ்வரசன் பிரதிஷ்டையின் வேளையில் பேசியதை 1 இராஜாக்கள் 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்நூலின் 6ஆம் அதிகாரத்தில் ஆலயச் சன்னல்களைக் குறிக்கும் எபிரெயச் சொற்களுக்கு உரையாசிரியர் பலவாறு பொருள் கொள்கின்றனர். வெளிப்புறம் குறுகி உட்புறம் விரிந்த சாளரம் என்பது அவற்றுள் ஒன்று. அப்பொருள் சரியாயின், தடித்த சுவரில் சிறு திறப்பின் வழியே வரும் ஒளியைச் சரிந்த பக்கங்களில் படவைத்து உள்ளே பரப்பும் முறையை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் எனலாம்.

கோயிலின் ஒளியமைப்பில் குறை காண்பதாயின், அது இருளைப் பற்றியதாக இருக்க முடியாது. அவ்விருளினுள் யார் அனுமதிக்கப்பட்டார் என்பதைப் பற்றியதாகவே இருக்கும். 1939இலும் 1947இலும் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் இயற்றப்படும் வரை, ஒரு பெருந்திரள் மக்கள் வெயிலிலேயே நிறுத்தப்பட்டிருந்தனர். ஒளியின் அளவு சரியாக இருந்தும், அது எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை.

வீடுகளை நோக்கினால், ஓட்டு வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. நெல் புடைப்பதும் பிள்ளைகள் படிப்பதும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தில் நடந்தன. கூரை வீட்டில் முற்றம் இல்லை. இறவாரம் தாழ்ந்து தொங்கியதால் உள்ளே பகலிலும் இருட்டாக இருந்தது. ஆகவே வேலையெல்லாம் திண்ணையிலும் வாசலிலும் நடந்தது. மிஷனெரிமார் சிற்றூர்களில் முதன்முதல் எழுப்பிய மண்சுவர்க் கட்டடங்கள், வாரநாட்களில் பள்ளியாகவும் ஞாயிறு அன்று ஆலயமாகவும் பயன்பட்டன. பிள்ளை பலகையில் எழுத்தைப் பார்க்க வேண்டியிருந்ததால் சுவரில் திறப்பு விடவேண்டியிருந்தது. பள்ளிக்காக வந்த அவ்வெளிச்சமே ஆராதனைக்கும் போதுமானதாயிற்று. எளிய அக்கட்டடங்களின் ஒளி, வாசிக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் கண்களை எண்ணி அமைந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பழவேற்காட்டில் வேறொரு சான்றும் உண்டு. அவ்வூர்ச் சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரத்தைக் காட்டும் சூரியக் கடிகாரம் உள்ளது. கட்டடமும் சூரியனும் நாளின் ஒழுங்கும் ஒன்றோடொன்று இணைந்திருந்ததற்கு அது சாட்சி.

3. வாசிக்கும் சபையின் ஆலயம்

சீர்திருத்தச் சபைகளின் ஆலயத்தில் நடைபெறும் வேலையோ வேறு. அங்கே சபையார் காண்பதோடு நில்லாமல் வாசிக்கவும் பாடவும் வேண்டும். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது 1715இல். புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது 1718இல். அச்சிட்ட நூலும் அதை ஏந்தும் கூடமும் மூன்றாண்டுக்குள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன. கையில் நூல் ஏந்திய சபைக்கு வெளிச்சம் அலங்காரமன்று, வழிபாட்டின் இன்றியமையாத தேவை.

திருவள்ளூருக்கு அருகிலுள்ள சென்னையின் பழைய ஆலயங்களில் இத்தேவை எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பதைக் காணலாம். கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பீரங்கிக் குண்டுக்கு அஞ்சி, வெளிச்சுவர்களை 4 அடித் தடிப்பிலும், வளைந்த கூரையை 2 அடித் தடிப்பிலும், மரத்தைத் தவிர்த்துக் கட்டினர். பகையை எண்ணிக் கட்டிய அத்தடிப்பே வெயிலுக்கும் காப்பாயிற்று. உயரத்திலிருந்து வரும் நேர் வெயில் சன்னலின் ஆழமான அடித்தளத்திலும் பக்கங்களிலும் பட்டு, மென்மையாகி உள்ளே பரவுகிறது.

மேலும், பலிபீடம் கிழக்கே இருக்க வேண்டும் என்னும் பழைய வழக்கத்தால், ஆலயத்தின் நீண்ட சுவர்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைந்தன. வேற்று நிலத்தில் தோன்றிய அவ்வழக்கம், நம் நிலத்தின் வெயிலுக்கு எவரும் திட்டமிடாமலே பொருந்திவிட்டது. தாழ்ந்த வெயில் தாக்கும் கிழக்கு, மேற்குச் சுவர்கள் குறுகியவை. எளிதில் நிழல் தரக்கூடிய வடக்கு, தெற்குச் சுவர்களில் சன்னல்கள் வரிசையாக நிற்கின்றன.

எழும்பூரில் 1821இல் நிறைவுற்ற தூய அந்திரேயா ஆலயம் இவ்வடிவத்தினின்று விலகியது. அதன் வட்டமான கூடம் 81½ அடி விட்டமுடையது. 16 தூண்கள் குவிமாடத்தைத் தாங்குகின்றன. கிழக்கு மேற்கு என்னும் நன்மையை வட்ட வடிவம் இழந்தாலும், சுற்றிலும் உள்ள கதவுகளும் சன்னல்களும் சாய்பலகைகள் பொருத்தப்பட்டு, வெயில் படும் பக்கத்தை மூடி நிழல் பக்கத்தைத் திறக்க இடந்தந்தன. காலை மாலை என்று வேளைக்கேற்ப ஒளியை மாற்றிக்கொள்ளும் இவ்வசதி ஓர் ஊழியரின் கையால் இயங்கியது, அவ்வளவே.

இவ்வாலயங்களின் உள்ளொளிக்கு மற்றொரு காரணம் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நுண்மணல் சேர்த்து அரைத்து, பளிங்குபோல் தேய்த்த சென்னைச் சுண்ணப்பூச்சு உலகப் புகழ் பெற்றது. அத்தகைய கிளிஞ்சல் பழவேற்காட்டு ஏரியிலும் எடுக்கப்பட்டு வந்தது. புதிதாகப் பூசிய வெண்சுவர், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தரும். பூச்சற்ற சிமென்டுச் சுவர் பாதிக்கும் குறைவாகவே தரும். சன்னலைப் பெரிதாக்காமலே ஒளியைக் கூட்டும் வழி இது.

ஆயினும் இங்கும் நம் அளவுகோலை விட்டுவிடக் கூடாது. நல்ல ஒளி நிறைந்த ஆலயங்களிலேயே சாதிவாரியாக இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையினின்று நீக்க வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது எழுந்த எதிர்ப்பை வரலாறு அறியும். ஒளி எங்கும் சமமாகப் பரவும் கூடத்தில் மனிதர் சமமாக அமரவில்லை. கட்டடத்தின் நற்பண்பு சபையின் நற்பண்புக்கு ஈடாகாது. அதேவேளையில், கட்டடத்தின் குறையைச் சபையின் பக்தி நிரப்பிவிடும் என்பதும் உண்மையன்று.

4. தொழிற்கூடத்தின் பகல்

20ஆம் நூற்றாண்டில் பகலொளியை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்தவர் ஆலயம் கட்டியவர் அல்லர், தொழிற்சாலை கட்டியவர். இங்கிலாந்தின் நெசவாலைகளில் தோன்றிய ரம்பப்பல் கூரை அதற்குச் சான்று. கூரையை வரிசை வரிசையாக மடித்து, ஒவ்வொரு மடிப்பின் வடக்கு முகத்திலும் கண்ணாடி பொருத்தினர். இங்கிலாந்தில் நண்பகற் சூரியன் ஒருபோதும் வடக்கே வருவதில்லை. ஆகவே நேர் வெயில் இன்றி, நாள் முழுதும் மாறாத ஒளி, கூடத்தின் நடுவில் நிற்கும் தறிக்கும் கிட்டியது. ஆழமான கூடத்திற்குப் பக்கச் சன்னல் ஒளி போதாது என்னும் சிக்கலுக்கு இது சிறந்த விடை.

அக்கூரை நம் நாட்டுக்கும் வந்தது. முன்னர்க் கூறியபடி, கோடை மாதங்களில் நம் நண்பகற் சூரியன் வடக்கே நிற்பதால், கண்ணாடியை இங்கிலாந்தில் இருந்தவாறே சாய்த்து வைத்தால் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வெயில் நேரே இறங்கும். கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி மேலே சிறு நிழற்பலகை நீட்டினால் அக்குறை பெருமளவு தீரும். பிற நாட்டு வடிவத்தை அப்படியே எடுப்பதற்கும், அதன் காரணத்தை உணர்ந்து நம் வானத்துக்கேற்பத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். இது கூரைக்கு மட்டுமா பொருந்தும் என்பதை இறையியல் மாணவர் சிந்திப்பாராக.

சட்டமும் இதில் அக்கறை காட்டியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 17ஆம் பிரிவில், தொழிலாளர் வேலை செய்யும் அல்லது நடமாடும் ஒவ்வொரு பகுதியிலும் இயற்கையாகவோ செயற்கையாகவோ போதிய, தகுந்த ஒளி இருக்க வேண்டுமென்று விதித்தது. ஒளிக்காக அமைந்த கண்ணாடிச் சன்னல்களும் கூரைச் சாளரங்களும் உள்ளும் புறமும் தூய்மையாக வைக்கப்பட வேண்டுமென்றும், கண்கூச்சமும் விபத்துக்கு ஏதுவான நிழலும் தடுக்கப்பட வேண்டுமென்றும் அது கூறியது. தூசி படிந்த கண்ணாடியும் தொழிலாளிக்கு இழைக்கப்படும் அநீதியாகலாம் என்று உணர்ந்த சட்டம் அது. ஆலய நிர்வாக விதிகளில் இத்தகைய ஒரு வாக்கியத்தைக் காண்பது எளிதன்று.

ஆனால் 'இயற்கையாகவோ செயற்கையாகவோ' என்னும் அச்சொற்களிலேயே பின்வந்த மாற்றத்துக்கும் வாயில் இருந்தது. மின்குழல் விளக்கும், அதன்பின் எல்.இ.டி. விளக்கும் மலிவானதும், கூரையை மடிக்க வேண்டிய செலவு வீண் எனக் கருதப்பட்டது. இன்று தொழிற்பகுதிகளில் விரைவாக எழும் கொட்டகைகள், அகன்ற சரிவுடைய இரும்புத் தகட்டுக் கூரையும் தகட்டுச் சுவரும் உடையவை. ஒளி புகும் பாலிகார்பனேட் தகடுகளை இடையிடையே பொருத்தினால் பகலொளி கிட்டும். ஆனால் அவை கும்மிடிப்பூண்டி போன்ற உருக்குத் தொழில் மிகுந்த இடங்களில் தூசியாலும் புகையாலும் மங்கிவிடும். கழுவுவார் இல்லையெனில் சில ஆண்டுகளில் கூரை மீண்டும் குருடாகும். மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் கூடங்களிலோ, தூசிக்கும் வெப்பத்துக்கும் அஞ்சி, சன்னலே இல்லாமல் கட்டுவது வழக்கமாயிற்று. அங்கே உள்ளே நிற்பவருக்குக் காலையும் மாலையும் ஒன்றே.

இதனால் விளையும் கேட்டை அறிவியல் இப்போது தெளிவாகக் கூறுகிறது. காண்பதற்கான உயிரணுக்களைத் தவிர, பகலையும் இரவையும் உடலுக்கு உணர்த்தும் தனி உயிரணுக்களும் நம் விழித்திரையில் இருப்பது 2002இல் நிறுவப்பட்டது. உடலினுள் இயங்கும் நாட்கடிகாரத்தின் பொறிமுறையை விளக்கிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்புடையதென்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் அதை உறுதிசெய்தது. ஷிப்டு முறையில் வேலை செய்யும் தொழிலாளிக்குப் பகலொளி இன்பப் பொருளன்று. அது உறக்கத்தோடும் உடல்நலத்தோடும் தொடர்புடையது.

5. இன்றைய ஆலயம்

இத்தொழிலாளி ஞாயிறு அன்று ஆலயத்துக்கு வருகிறார். அவருக்கு நாம் எத்தகைய கூடத்தை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறோம்?

இன்று நகரங்களிலும் தொழிற்பகுதிகளிலும் எழும் ஆலயங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு இது: மனை சாலையை நோக்கியிருப்பதால் ஆலயமும் திசை பாராது சாலையை நோக்குகிறது. முகப்பு நிறைந்த கண்ணாடி. அது மேற்கு நோக்கியதாயின், மாலை ஆராதனையில் வெயில் முழுதும் உள்ளே வரும். அதைத் தடுக்கத் தடித்த திரை தொங்கவிடப்படுகிறது. திரை விழுந்ததும் இருள் சூழ்கிறது. இருளைப் போக்க விளக்குகள் ஏற்றப்படுகின்றன. இவ்வாறு, பழைய ஆலயத்தைக் காட்டிலும் பன்மடங்கு கண்ணாடியுடைய கட்டடத்தில், பழைய ஆலயத்தில் இருந்த பகலொளி இல்லாமற் போகிறது. கண்ணாடியின் பரப்பை ஒளியின் அளவென்று மயங்குவதே இப்பிழையின் வேர்.

அடுத்தது, குளிர்சாதனம். குளிர்ந்த காற்று வெளியேறாதிருக்கச் சன்னல்கள் குறைக்கப்பட்டு, மூடப்படுகின்றன. குளிரூட்ட வேண்டிய இடத்தைக் குறைக்க, 'ஃபால்ஸ் சீலிங்' எனப்படும் தொங்கு கூரை அமைக்கப்படுகிறது. கூரை தாழவே சன்னலின் மேல்விளிம்பும் தாழ்கிறது. மேலே கூறிய விதிப்படி, ஒளி உட்செல்லும் ஆழமும் பாதியாகிறது. பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கும்போதும் உயர்ந்த சன்னல்களின் மேற்பாதியை இவ்வாறு மறைத்துவிடுவதுண்டு. முன்னோர் ஒளிக்கென உயர்த்திய பகுதி அதுவே என்பதை அறியாமற் செய்யும் செயல் இது.

மூன்றாவது, ஒளித்திரை. வேதபாடமும் பாடலும் திரையில் காட்டப்படுவதால், திரை தெளிவாகத் தெரியக் கூடம் இருட்டாக்கப்படுகிறது. இம்மாற்றம் கட்டடத்தோடு நிற்பதில்லை. தன் கையிலுள்ள நூலைப் புரட்டி, வாசிக்கப்பட்ட பகுதிக்கு முன்னும் பின்னும் என்ன உள்ளது என்று பார்த்து, பிரசங்கியார் கூறுவது சரியா என்று சோதிக்கும் சபை, திரையில் ஒருவர் காட்டும் வரியை மட்டும் காணும் கூட்டமாக மாறுகிறது. வாசிக்கும் சபையின் கூடம் மீண்டும் தரிசனக் கூடமாகிறது. அதைத் தேர்ந்து தெளிந்து செய்திருந்தால் அதைப் பற்றி இறையியல் வாதம் நிகழ்த்தலாம். எவரும் தேராமலே, மின்பொருத்துநரின் வரைபடத்தால் அது நிகழ்ந்துவிட்டது என்பதே நம் குற்றச்சாட்டு.

முதியோர் நிலையையும் எண்ண வேண்டும். 60 வயதுடையவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுடையவரின் விழித்திரையை அடைவதில் மூன்றில் ஒரு பங்கே என்பர். இளைஞருக்கு இதமாகத் தோன்றும் மங்கல் ஒளி, முதியவரின் கையிலுள்ள நூலை மூடிவிடுகிறது. துரோவாவின் மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிந்தும், ஐத்திகு என்னும் வாலிபன் சன்னலருகே அமர்ந்து உறங்கி விழுந்ததை அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கே விளக்கேற்றியதற்குக் காரணம் நள்ளிரவு. முற்பகல் 10 மணிக்கு விளக்கேற்ற நமக்கு அத்தகைய காரணம் இல்லை.

விளக்கிற்கும் குளிர்சாதனத்துக்கும் வேண்டிய மின்சாரமும் வானத்திலிருந்து விழுவதன்று. இம்மாவட்டத்திலேயே, அத்திப்பட்டில், 1994 முதல் இயங்கத் தொடங்கிய வட சென்னை அனல்மின் நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் கலந்து மீனவரின் வாழ்வைக் கெடுத்தது பலமுறை முறையிடப்பட்ட செய்தி. தலைக்கு மேல் 1,00,000 லக்ஸ் பொழியும் வேளையில் திரையை இழுத்துவிட்டு விளக்கேற்றும் சபை, அயலாரின் ஆற்றையும் சிறிது எரிக்கிறது.

6. மறுப்புகளும் மாற்றுவழியும்

'சன்னலைத் திறந்தால் லாரியின் இரைச்சலும் தூசியும் வெப்பமும் வருமே' என்பது நியாயமான மறுப்பு. தேசிய நெடுஞ்சாலையோரத்தில் 1680இன் ஆலயத்தை அப்படியே கட்ட இயலாது. அவ்வாறு கட்டவேண்டுமென்று யாரும் கூறவில்லை. ஒளியும் காற்றும் ஒரே திறப்பின் வழியாகவே வரவேண்டும் என்னும் கட்டாயம் இன்று இல்லை. மூடிய கண்ணாடியை வடக்குச் சுவரின் உயரத்தில், நிழற்பலகையின் கீழ் வைத்தால், இரைச்சலும் தூசியுமின்றி ஒளி வரும். குளிர்சாதனம் வேண்டுமெனினும் அதற்கு அது பெருந்தடையாகாது.

செலவைப் பற்றிய மறுப்புக்கு லாரி பேக்கரின் பணியே விடை. குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர் (1917–2007), திருவனந்தபுரத்தில் எழுப்பிய கட்டடங்களில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்களைப் பெரிதும் பயன்படுத்தினார். 1970களின் தொடக்கத்தில் அவர் அமைத்த லொயோலா சிற்றாலயம் அவற்றுள் ஒன்று. சன்னற் சட்டமும் கண்ணாடியும் வாங்காமல், சுவரே சாளரமாகும் முறை அது. செலவு குறைந்ததால் ஒளி குறையவில்லை.

அழகைப் பற்றிய மறுப்புக்குப் பிரான்சின் ரோன்சான் சிற்றாலயத்தைச் சுட்டலாம். 1955இல் லெ கொர்புசியே கட்டிமுடித்த அதன் தெற்குச் சுவர் மிகத் தடித்தது. வெவ்வேறு அளவுடைய திறப்புகள் அச்சுவரில் சரிந்து செல்கின்றன. கூரைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஓடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் புதுமைக் கட்டடங்களில் தலைசிறந்த ஒன்று, தடித்த சுவர், சரிந்த சாளரம் என்னும் பழைய அறிவையே மீண்டும் கையாண்டுள்ளது. ஆனால் அது தனிமையில் தியானிக்கும் யாத்திரிகருக்கு ஏற்ற மங்கல் ஒளி. பெருந்திரளாக வாசித்துப் பாடும் நம் சபைக்கு அதை நகலெடுப்பது, ரம்பப்பல் கூரையைத் திருத்தாமல் நகலெடுப்பதைப் போன்றதே.

புதிய எருசலேமுக்குச் சூரியனும் சந்திரனும் வேண்டுவதில்லை என்னும் வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சியைக் காட்டி, ஆலயத்தின் ஒளி ஆவிக்குரியதே என்று வாதிப்பாரும் உண்டு. அந்நகரில் ஆலயமும் இல்லை என்பதை அதே அதிகாரம் கூறுகிறது. ஆலயம் கட்டவேண்டிய காலத்தில் வாழும் நமக்குச் சூரியன் இன்னும் வேண்டும்.

போதகரும் சபைக் குழுவும் செய்யக்கூடியது எளிது. ஆராதனை நிகழும் அதே வேளையில், விளக்குகளை அணைத்து, திரைகளை விலக்கி, கையில் சாதாரண எழுத்தளவுடைய வேதாகமத்தோடு ஒவ்வொரு இருக்கையிலும் அமர்ந்து பாருங்கள். உடன் 60 வயது கடந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வாசிக்க இயலாத இடங்களைத் தரைப்படத்தில் குறியுங்கள். ஜூன் மாதத்தில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் இதைச் செய்தால், ஆலயத்தின் ஒளியைப் பற்றிய நேரிய அறிக்கை உங்கள் கையில் இருக்கும். புதிதாகக் கட்டுவோர், பொறியாளரிடம் வடக்குத் திசை குறித்த வரைபடத்தைக் கேட்டு, சன்னலின் மேல்விளிம்பு எத்தனை அடி, கூடத்தின் அகலம் எத்தனை அடி என்று பார்த்தாலே பாதி உண்மை விளங்கும். இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும் வரை வரைபடத்தில் கையொப்பமிடாதிருப்பது போதகரின் கடமை. வாரத்தின் ஆறு நாட்களும் சன்னலற்ற கூடத்தில் நின்றவர், ஏழாம் நாளில் அமரப்போகும் இடம் அது.